பனிக்காட்டில் ஓட்டு கேட்கப் போன கதை: நியூ ஹாம்ப்ஷயர், ஜனவரி 2008

ஜனவரி 3, வியாழன் இரவு, கான்கார்ட்

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினேன், இங்கே வந்து சேர பதினொன்று ஆகிவிட்டது. கனெக்டிகட் முழுக்க வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. மாசசூசெட்ஸ் எல்லையைத் தாண்டும்போது இருட்டிவிட்டது, சாலையின் இரு பக்கமும் டிசம்பர் பனியை வாரி ஒதுக்கிய மேடுகள் ஆள் உயரத்துக்கு நின்றன, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அயோவா மாநிலத்தில் நடந்த கட்சிக் கூட்டங்களின் முடிவு ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது. குடியரசுக் கட்சியில் ஹக்கபீ 34, ராம்னி 25, அப்புறம் தாம்சனும் மெக்கெய்னும் பதின்மூன்று பதின்மூன்று. அவ்வளவுதான் சொன்னார்கள். அடுத்து யார் என்று சொல்லாமலே ஜனநாயகக் கட்சியின் ஒபாமா பக்கம் போய்விட்டார்கள். அடுத்து வந்தவருக்காகத்தான் நான் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ரான் பால், ஏறக்குறைய 10 சதவீதம். ஒருகாலத்தில் தேசிய அளவில் முன்னணியில் இருந்த ஜூலியானிக்கு 4 கூட வரவில்லை. அதையாவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

தெரியாதவர்களுக்காக: ரான் பால் டெக்சாஸிலிருந்து வரும் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர், 72 வயது, தொழிலால் பிரசவ டாக்டர், நாலாயிரம் குழந்தைகளுக்கு மேல் பிரசவம் பார்த்தவர். 1988-ல், அரசாங்கம் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்கிற லிபர்டேரியன் கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் நின்று நாலு லட்சத்துச் சொச்சம் ஓட்டு வாங்கினார். அரசியல் சட்டத்தில் எழுதியிருக்காத எதற்கும் ஓட்டுப் போட மாட்டேன் என்று தொடர்ந்து எதிர்ப்பதால் ‘டாக்டர் நோ’ என்று பெயர். 2001-ல் அரசின் கண்காணிப்பு அதிகாரத்தைக் கூட்டிய பேட்ரியாட் சட்டம் வந்தபோது கீழவையில் எதிர்த்த குடியரசுக் கட்சிக்காரர்கள் மூன்றே பேர், 2002-ல் ஈராக் போருக்கான தீர்மானத்தை எதிர்த்தவர்கள் ஆறே பேர், இரண்டு பட்டியலிலும் இவர் இருக்கிறார். இன்று வரை 3,900 அமெரிக்கச் சிப்பாய்கள் ஈராக்கில் செத்திருக்கிறார்கள், அந்த நாட்டு மக்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒழுங்கான கணக்கே இல்லை. குடியரசுக் கட்சியின் மேடையில் நின்றுகொண்டு படைகளைத் திரும்பக் கூப்பிடு என்று சொல்கிற ஒரே ஆள் இவர்தான்.

எனக்கு இங்கே ஓட்டு இல்லை. பச்சை அட்டைதான் இருக்கிறது, குடியுரிமைக்கு இன்னும் வருடங்கள் ஆகும். பச்சை அட்டைக்காரர்கள் நன்கொடை கொடுக்கலாம், தொண்டராக வேலை செய்யலாம், சட்டத்தில் தடை இல்லை. டிசம்பர் 16 அன்று, 1773-ல் பிரிட்டிஷ் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய ‘பாஸ்டன் தேநீர் விருந்தின்’ ஆண்டு நாளில், ஒரே நாளில் அறுபது லட்சம் டாலருக்கு மேல் திரண்டதே, அதில் என்னுடைய நூறு டாலரும் இருக்கிறது. எல்லாம் தனித்தனி ஆட்கள் இணையத்தில் போட்ட பணம், கட்சித் தலைமை ஏற்பாடு செய்தது இல்லை. அந்த எண் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்த ராத்திரிதான் நேரிலும் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வழியில் அம்மாவுக்குப் போன் போட்டேன். “ஏண்டா, முன்னபின்ன தெரியாதவங்க வீட்டுக் கதவைத் தட்டப் போறியா, நாயையாவது கட்டிப் போட்டிருப்பாங்களா?” என்றாள். அப்பா போனை வாங்கி, “தாத்தா புத்தி அப்படியே வந்திருக்கு” என்றார்.

ஜனவரி 4, வெள்ளி, கான்கார்ட்

தொண்டர்களுக்காக வாடகைக்கு எடுத்த வீடுகளில் ஒன்றில் என்னைப் போட்டிருக்கிறார்கள். மூன்று படுக்கையறை, பதினாலு பேர், தரையில் தூக்கப் பைகள். இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தவர் கூகுளில் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு பொறியாளர் என்றார்கள். பக்கத்துப் பையில் படுத்திருந்தது டெக்சாஸ் கல்லூரி மாணவன் ஒருவன், அதற்கடுத்து மெயின் மாநிலத்திலிருந்து வந்த பிளம்பர், அவருடைய மகன் இரண்டு முறை ஈராக் போய் வந்தவனாம். மூன்றாவது முறை கூப்பிடுவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று வந்தேன் என்று சொல்லிவிட்டு, அப்புறம் ரொம்ப நேரம் பேசாமல் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

காலையில் அலுவலகத்தில் பட்டியல் கொடுத்தார்கள். இந்த ஊர் முறை நம்மவர்களுக்குப் புதிதாக இருக்கும், கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கட்சி வேட்பாளர் யார் என்பதை மேலிடம் முடிவு செய்வதில்லை, மாநிலம் மாநிலமாக மக்களே ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள், அதுதான் பிரைமரி. நாட்டிலேயே முதல் பிரைமரி இங்கேதான் நடக்க வேண்டும் என்று இந்த மாநிலம் சட்டமே வைத்திருக்கிறது. எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர்கள் இங்கே ரொம்ப அதிகம், அவர்கள் அன்று காலை பூத்துக்குப் போய் இரண்டில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டுமோ அதைக் கேட்டு வாங்கி ஓட்டுப் போட்டுவிட்டு, வெளியே வரும்போதே கட்சி சாராதவராக மறுபடி எழுதிக்கொண்டு போகலாம். எங்கள் பட்டியல் முழுக்க அவர்கள்தான். சிக்கல் என்னவென்றால் போர் பிடிக்காத அந்த மக்களில் பாதிப் பேர் ஒபாமா பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் “நல்ல மனுஷன்தான், ஆனால் இந்தத் தடவை அந்தப் பக்கச் சீட்டு வாங்கப் போகிறேன்” என்று இன்றைக்கு மட்டும் ஏழு பேர் சொன்னார்கள்.

வண்டி நம்பர் பலகையில் ‘சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப் போ’ என்று அடித்திருக்கும் மாநிலம் இது. விற்பனை வரி கிடையாது, சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது, பெரியவர்கள் கார் பெல்ட் போட வேண்டும் என்று சட்டம் கிடையாது. மத்திய அரசின் ‘ரியல் ஐடி’ அடையாள அட்டைத் திட்டத்தில் சேர மாட்டோம் என்று போன வருஷம் சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டமன்றக் கீழவையில் மட்டும் 400 உறுப்பினர்கள், சம்பளம் வருடத்துக்கு நூறு டாலர். அதைப் படித்திருந்தேனே தவிர மதியம்தான் உறைத்தது. ஒரு வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர் மண்வெட்டியால் பனியை வாரிக்கொண்டிருந்தார், நான் துண்டுப் பிரசுரத்தை நீட்டினேன், கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிப் படித்தார், பத்து நிமிஷம் வரிகளைப் பற்றிப் பேசினார், கடைசியில்தான் தானே சட்டமன்ற உறுப்பினர் என்று சொன்னார். எங்கள் ஊரில் எம்.எல்.ஏ. வருகிறார் என்றால் முன்னால் இரண்டு வண்டி, பின்னால் நாலு வண்டி. நான் கொஞ்ச நேரம் அந்த வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவர் யாருக்குப் போடுவார் என்று சொல்லவில்லை. கேட்கவும் மனசு வரவில்லை.

ஜனவரி 5, சனி, சட்டன்

இன்று கிராமம். கான்கார்டிலிருந்து வடமேற்கே அரை மணி நேரம், சட்டன் என்று பெயர். நானும் டெக்சாஸ் பையனும் போனோம். கீசர் ஏரி முழுக்க உறைந்து வெள்ளைத் தட்டாகக் கிடந்தது, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் கால் மைல், நடுவில் பைன் மரங்கள். பட்டியலில் முப்பது வீடு, ஆள் இருந்தது பத்தொன்பதில். அதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் இதுவரை எனக்குப் பிடித்த நாள் இதுதான்.

மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி. கதவைப் பாதி திறந்து, குளிர் உள்ளே போகிறது, நீயும் உள்ளே வா என்றாள். அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு ஓட்டு இல்லை, அதனால் உங்கள் ஓட்டைக் கேட்க வந்தேன் என்று ஆரம்பித்தேன், முதல் நாளிலிருந்தே இப்படித்தான் ஆரம்பிக்கிறேன், பையன் இதைச் சொல்லாதே என்கிறான், எனக்கு மறைக்கப் பிடிக்கவில்லை. பாட்டி, ஓட்டு இல்லாதவன் இவ்வளவு தூரம் ஏன் வந்தாய் என்று கேட்டாள். அப்போதுதான் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவில் ஒருத்தரிடம் அதைச் சொல்வேன் என்று நினைத்ததே இல்லை.

தாத்தா மன்னார்குடிப் பக்கம் சின்னதாக ஒரு ரைஸ் மில் வைத்திருந்தார். மில்லுக்கு லைசென்ஸ், நெல்லை ஜில்லா விட்டு ஜில்லா கொண்டுபோகப் பர்மிட், அந்தப் பர்மிட்டுக்குத் தாலுகா ஆபீசில் மூன்று நாள் நிற்க வேண்டும், பணம் கொடுத்தால் அரை நாள். ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சி ஆரம்பித்து, லைசென்ஸ் பர்மிட் ராஜ்ஜியம் என்று இதற்குப் பெயர் வைத்துப் பேசியபோது தாத்தா போய்ச் சேர்ந்துகொண்டார். 1962-ல் மில் சுவரில் நட்சத்திரச் சின்னத்தைத் தானே வரைந்தாராம், ஊரில் பெரும்பாலானவர்கள் காங்கிரஸ், மிச்சம் தி.மு.க.வும் கம்யூனிஸ்டும், இவரோடு நின்றவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். தோற்றார்கள். அடுத்த வருஷம் தங்கக் கட்டுப்பாடு வந்து 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றதும், தெருவில் இருந்த ஆசாரி குடும்பம் பட்டறையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போனது, தாத்தா சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருப்பார். “தோக்குற கட்சின்னு தெரிஞ்சுதான் போனேன், எண்ணுறப்ப நம்ம ஓட்டும் ஒண்ணு இருக்கணும்ல” என்பார்.

பாட்டி கடைசி வரை கேட்டாள். பிரசுரத்தை வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினாள். செவ்வாய்க்கிழமை போடுகிறேன் என்றாள். தனக்கு 81 வயது என்றும் சொன்னாள்.

இன்னொரு வீட்டில் மரம் அறுக்கும் தொழில் செய்கிற கணவன் மனைவி. “அந்தத் தங்கக்காரர்தானே?” என்று கேட்டார் கணவர். ஆமாம் என்றேன். டாலருக்குப் பின்னால் தங்கம் இருக்க வேண்டும் என்பது ரான் பாலின் பல வருஷப் பேச்சு, 1971 ஆகஸ்ட் 15-ல் நிக்சன் அந்தத் தொடர்பை வெட்டியதைப் பார்த்துத்தான் அரசியலுக்கு வந்தேன் என்பார். இந்த வாரம் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தாண்டி 1980-ல் வந்த உச்சத்தை உடைத்திருக்கிறது, அதைச் சொன்னேன். எனக்கே இதில் முழு உடன்பாடு இல்லை, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வை மூடிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நான் நம்பவில்லை, ஆனால் சேமிப்பு கரைவதைப் பற்றிப் பேச வேறு யாரும் இல்லை என்பது உண்மை. டீசல் விலை ஏறியதில் தன் லாரி ஓடுகிற ஒவ்வொரு மைலுக்கும் நஷ்டம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு பேரும் போடுவதாகச் சொன்னார்கள்.

எல்லா வீடும் இப்படி இல்லை. ஒரு வீட்டில் குடியேற்றத்தைப் பற்றி இவர் என்ன சொல்கிறார் தெரியுமா, நீ எப்படி இவருக்கு வேலை செய்கிறாய் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இங்கே பிறந்தால் குடியுரிமை என்பதையே எடுக்க வேண்டும் என்கிறார், அது தவறு என்றுதான் நினைக்கிறேன், அவரிடம் நேரில் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் சொல்வேன் என்றேன். கதவைச் சாத்திவிட்டார்கள், மரியாதையாகத்தான்.

பட்டியலில் உறுதி என்று நான் குறித்தது மூன்று பேர், பையன் குறித்தது நாலு பேர்.

ராத்திரி செயின்ட் ஆன்செல்ம் கல்லூரியில் ஏ.பி.சி. டி.வி. நடத்திய குடியரசுக் கட்சி வேட்பாளர் விவாதம். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ரான் பால் தனக்குக் கிடைத்த நேரத்தில் போரைப் பற்றிப் பேசினார், மற்ற ஐந்து பேரும் ஒருபக்கம், இவர் ஒருபக்கம். வீட்டில் பதினாலு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம், பிளம்பர் மட்டும் நின்றுகொண்டே பார்த்தார்.

அப்புறம் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். மான்செஸ்டரில் எங்கள் ஆட்கள் சிலர் ஒரு பிரபல டி.வி. தொகுப்பாளரைத் தெருவில் கத்திக்கொண்டே துரத்திக்கொண்டு போயிருக்கிறார்கள், வீடியோ பரவிக்கொண்டிருக்கிறது. வீட்டில் சிலர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பாட்டி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற காகிதத்தைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 6, ஞாயிறு, மான்செஸ்டர்

இன்று ராத்திரி ஃபாக்ஸ் நியூஸ் நடத்திய குடியரசுக் கட்சி விவாதத்தில் ரான் பாலைக் கூப்பிடவில்லை. இன்னொரு வேட்பாளரான ஹன்டரையும் கூப்பிடவில்லை. மூன்று நாளைக்கு முன் அயோவாவில் ரான் பால் வாங்கியதில் பாதிகூட வாங்காத ஜூலியானியைக் கூப்பிட்டார்கள். இதில் நியாயம் நம் பக்கம் என்று நான் மட்டும் சொல்லவில்லை, எல்லா முக்கிய வேட்பாளர்களும் இருக்க வேண்டும் என்று சொல்லி மாநிலக் குடியரசுக் கட்சியே இந்த விவாதத்தின் பங்குதாரர் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. கட்சியின் மாநிலக் கிளை தனக்குப் பிடிக்காத ஒரு வேட்பாளருக்காக இப்படி ஒரு முடிவு எடுத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது, அதை யாரும் பாராட்டிப் பேசவில்லை.

பகல் முழுக்க எல்ம் தெருவில் பலகை பிடித்துக்கொண்டு நின்றோம். நீலப் பலகைகள், கூடவே கையால் எழுதிய பலகைகள். ‘ரெவல்யூஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லில் நடுவில் நாலு எழுத்தை மட்டும் சிவப்பில் திருப்பிப் போட்டு ‘லவ்’ என்று படிக்கும்படி செய்திருக்கும் அந்தப் பலகையை எல்லாரும் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். பனி மேட்டில் கம்பைக் குத்தினால் நிமிர்ந்து நிற்கும் என்பதால் தெரு நெடுக எல்லா வேட்பாளர் பலகையும் பயிர் நட்ட மாதிரி நிற்கிறது. ஹக்கபீ ஆட்கள் எதிர்ப்பக்கம் நின்றார்கள், ஒரு பெண் சாலையைக் கடந்து வந்து எங்களுக்கு சூடான ஆப்பிள் சைடர் கொடுத்துவிட்டுப் போனாள். கை விரல்களுக்கு அப்புறம்தான் உயிர் வந்தது.

விவாதத்தை நான் பார்க்கவில்லை. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஜனவரி 7, திங்கள், கான்கார்ட்

காலையிலிருந்து போன். நூற்று நாற்பது எண்களுக்குக் கூப்பிட்டேன், முப்பது பேர்தான் எடுத்தார்கள், அதில் பாதிப் பேர் இன்றைக்கு இது எட்டாவது கால் என்று அலுத்துக்கொண்டார்கள். இந்த வாரம் இந்த மாநிலத்தில் போன் வைத்திருப்பதே ஒரு தண்டனைதான். வெயில் அடிக்கிறது, பனி உருகி ஓடுகிறது, நட்ட பலகைகள் எல்லாம் சாய ஆரம்பித்துவிட்டன. போர்ட்ஸ்மவுத்தில் ஹிலாரி கண் கலங்கினார் என்று எல்லா டி.வி.யிலும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

ராத்திரி டி.வி.யில் ஜே லெனோவின் பேச்சு நிகழ்ச்சியில் ரான் பால் வந்தார். ஃபாக்ஸ் கூப்பிடாதவரைக் கலிஃபோர்னியாவில் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேச விட்டார்கள். பிளம்பர் மகனுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னார். நான் கடைசிவரை ரான் பாலை நேரில் பார்க்கவில்லை, இப்போது அது பெரிதாகவும் தெரியவில்லை.

ஜனவரி 8, செவ்வாய், ஓட்டு நாள்

நள்ளிரவில் வடக்கே இரண்டு குக்கிராமங்களில் ஓட்டுப் போட்டு உடனே எண்ணிவிடுவார்கள். டிக்ஸ்வில் நாட்சில் மெக்கெய்ன் 4, ராம்னி 2, ஜூலியானி 1, நமக்கு ஒன்றும் இல்லை. ஹார்ட்ஸ் லொகேஷனில் நமக்கு 4. அந்த நாலு பேரை நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

காலை ஆறரைக்கு மான்செஸ்டரில் ஒரு பள்ளிக்கூட வாசல், அதுதான் எனக்குக் கொடுத்த பூத். ஜனவரி மாதிரியே இல்லை, பத்து மணிக்கு மேல் கோட்டைக் கழற்றிவிட்டேன். வரிசை வரிசையாக ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள், போலீஸ்காரர் ஒருவர்தான், அவரும் கார் நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்தார். எல்லா வேட்பாளர் ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் டோனட் வாங்கி வந்தால் எல்லாருக்கும் கொடுத்துச் சாப்பிட்டோம்.

மதியம் இரண்டு மணிக்கு டெக்சாஸ் பையன் வந்தான், முகம் சரியில்லை. ‘தி நியூ ரிபப்ளிக்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது, நீ படிக்க வேண்டும் என்றான். அவனுடைய மடிக்கணினியில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரான் பால் பெயரில் சந்தாதாரர்களுக்குப் போன செய்தி மடல்கள். கறுப்பின மக்களைப் பற்றி, மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி, லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தைப் பற்றி எழுதியிருந்ததை இங்கே நான் திருப்பி எழுத மாட்டேன். அசிங்கம். என் தோல் நிறத்தோடு ஐந்து நாளாக வீடு வீடாகப் போய் யாருடைய பெயரைச் சொன்னேனோ அந்தப் பெயர் அந்த மடல்களின் தலைப்பில் இருக்கிறது.

சட்டையில் குத்தியிருந்த வில்லையைக் கழற்றி டாஷ்போர்டில் வைத்தேன். முக்கால் மணி நேரம் காரிலேயே இருந்தேன்.

அவர் பதில் சொல்லியிருக்கிறார். அவை என் சொற்கள் இல்லை, நான் எழுதவில்லை, நம்பவும் இல்லை, ஆனால் என் பெயரில் வந்ததைக் கவனிக்காமல் விட்டதற்குத் தார்மீகப் பொறுப்பு எனக்கு உண்டு என்கிறார். அவர் அப்படிப் பேசி நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை, போதைப் பொருள் சட்டங்கள் கறுப்பின இளைஞர்களைச் சிறையில் தள்ளுகின்றன என்று குடியரசுக் கட்சி மேடையில் சொன்னவர் அவர்தான், அதனால் அவர் எழுதவில்லை என்பதை நம்ப முடிகிறது. ஆனால் தன் பெயரில் வருஷக்கணக்காக வந்ததைப் படிக்காமல் எப்படி இருக்க முடியும்? யார் எழுதியது என்று ஏன் சொல்ல மறுக்கிறார்? இந்தக் கேள்விக்கு வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. இன்றைக்குப் பார்த்து ஏன் வெளியிட்டார்கள் என்றுதான் எல்லாரும் கோபப்பட்டார்கள். எந்த நாளில் வந்தால் என்ன, எழுதியது எழுதியதுதானே.

திரும்பப் போய் நின்றேன். அவர் பெயர் போட்ட பலகையை எடுக்கவில்லை. வேனில் இருந்த வெள்ளை அட்டையில் ‘படைகளை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்’ என்று மார்க்கரால் எழுதிப் பிடித்துக்கொண்டு பூத் மூடும்வரை நின்றேன். நான் வந்தது அதற்குத்தான். பிளம்பர் பக்கத்தில் வந்து நின்றார், அவர் கையில் வழக்கமான நீலப் பலகை. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முடிவு: மெக்கெய்ன் 37, ராம்னி 32, ஹக்கபீ 11, ஜூலியானி 9-க்குக் கொஞ்சம் கம்மி, ரான் பால் 8-க்குக் கொஞ்சம் கம்மி. 18,000 ஓட்டுக்குச் சற்று மேல். அந்தப் பக்கம் எல்லாரும் ஒபாமா என்று எழுதி வைத்திருக்க, ஹிலாரி ஜெயித்துவிட்டார். வீட்டில் பதினைந்து வரும், இருபது வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் அழுதார்கள். பையன் தூக்கப் பைக்குள் போய்த் தலையை மூடிக்கொண்டான்.

ஜனவரி 9, புதன், எடிசன்

ஐந்தேகால் மணி நேரத்தில் வீடு வந்துவிட்டேன். வந்ததும் ஊர்வாரியான எண்ணிக்கையைத் திறந்து சட்டனைத் தேடினேன். ரான் பால் நேராகப் பூஜ்யம்.

இரண்டு முறை பார்த்தேன், வேறு ஒரு பக்கத்திலும் பார்த்தேன், அங்கேயும் பூஜ்யம். நானும் பையனும் குறித்தது ஏழு பேர். வாக்குக் கொடுத்துவிட்டு மாற்றிப் போடுவது எங்கேயும் உண்டு, சரி, ஏழில் நாலு பேர் மாற்றியிருக்கலாம். அந்தப் பாட்டி மாற்றியிருக்க மாட்டாள். வந்த கோபத்தில் சாப்பிடக்கூட முடியவில்லை. நேற்று மதியம் அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு இந்த ஆளுக்காக எனக்குக் கோபம் வரும் என்று நினைக்கவில்லை, ஆனால் இது அவரைப் பற்றியது இல்லை. அடுப்பு எரிகிற வீட்டில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்ட 81 வயதுப் பாட்டியின் ஓட்டு எங்கே போனது என்பதுதான்.

இணையத்தில் ஏற்கனவே சதி, மெஷினில் திருட்டு என்று ஆரம்பித்துவிட்டார்கள். சட்டன் மாதிரிச் சின்ன ஊர்களில் மெஷினே கிடையாது, கையால்தான் எண்ணுகிறார்கள். பையன் போன் செய்தான், அவனும் பார்த்திருக்கிறான். அந்த ஊர் அலுவலகத்தைப் பலரும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

ஜனவரி 10, வியாழன், எடிசன்

கடைசிப் பதிவு. சட்டனில் ரான் பாலுக்கு விழுந்தது 31 ஓட்டு. எண்ணியது சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள், ஊரில் வைத்திருந்த எண்ணிக்கைத் தாளில் 31 என்று இருக்கிறது, அதை மாநிலத்துக்கு அனுப்பும் தாளில் எடுத்து எழுதும்போது அந்த ஒரு வரி விடுபட்டுவிட்டது. தவறு எங்களுடையது என்று ஊர் அலுவலகமே ஒத்துக்கொண்டு திருத்திவிட்டது. சதி ஒன்றும் இல்லை, தூக்கக் கலக்கத்தில் ஒரு வரி. ஆனால் யாரும் கேட்காமல் விட்டிருந்தால் அந்த வரி அப்படியேதான் இருந்திருக்கும்.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், கட்டுரையைப் பற்றியும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்த முப்பத்தொண்ணுல நீ பார்த்த ஆளு எத்தனை பேர் இருக்கும்?” என்று கேட்டார்.

“மூணு பேர் நிச்சயம்பா” என்றேன்.

“அந்தப் பாட்டியம்மா?”

“அவங்க போட்டிருப்பாங்க.”

“ஒரு கடுதாசி போடு அவங்களுக்கு” என்றார் அப்பா.

விலாசம் பட்டியலில் இருந்தது, பட்டியலைத்தான் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏரிக்கரை ஓரம், விறகு அடுக்கிய திண்ணை, மூன்றாவது வீடு. வசந்தத்தில் பனி கரைந்ததும் ஒரு சனிக்கிழமை நேரிலேயே போய்விட்டு வரலாம் என்றிருக்கிறேன்.